மனுதாரர் பக்கமிருந்து சட்டம்: 'சட்டமும் சமூகமும்' ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட மாணவர்கள், சமூகவியல் படிப்பவர்கள், சொந்த வழக்குக்காக நீதிமன்றப் படியேறியவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லாப் பதில்களும் ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை. நீதிபதியின் மேசையிலிருந்து பார்த்தால் சட்டத்தின் பாதிதான் தெரியும். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்பவரின் இடத்திலிருந்தும் அதைப் பார்த்தாக வேண்டும். தெற்காசியா பற்றிக் கடந்த சில ஆண்டுகளில் வந்த நல்ல ஆய்வுகள் அதைத்தான் செய்திருக்கின்றன.

'சட்டமும் சமூகமும்' என்பது என்ன துறை? சட்டக் கல்லூரிப் பாடத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சட்டக் கல்லூரியில் பிரிவு என்ன சொல்கிறது, தீர்ப்பு என்ன சொல்கிறது என்று படிக்கிறோம். இந்தத் துறையில் அந்தப் பிரிவு ஊருக்குள் வந்தபோது என்ன ஆனது என்று கேட்கிறார்கள். யார் புகார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, காவல் நிலைய எழுத்தர் எதை எழுதினார், எதை விட்டார், தீர்ப்பு வந்த பிறகு நிலம் உண்மையில் கைக்கு வந்ததா என்றெல்லாம் தேடிப் போகிறார்கள்.

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு மூலையில் இருந்த செர்னோவிட்ஸ் நகரின் சட்டப் பேராசிரியர் யூஜென் ஏர்லிக், மக்கள் அன்றாடம் எந்த விதிப்படி வாழ்கிறார்களோ அதுவே உயிருள்ள சட்டம் என்று 1913இல் எழுதினார். பல இன மக்கள் வாழ்ந்த அந்த நகரில் ஒரே சட்டப் புத்தகம் ஒவ்வொரு தெருவிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டதை அவர் கண்ணால் பார்த்தவர். 1964இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. வரலாற்றாசிரியர்களும் மானுடவியலாளர்களும் அண்மைக் காலத்தில் பொருளியலாளர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால் வசதி உள்ளவர்தான் ஜெயிப்பார் என்கிறார்களே, அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

உண்டு. இந்தத் துறையிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று இதைப் பற்றியதுதான். எழுதியவர் மார்க் காலன்டர், ஆண்டு 1974. தீண்டாமை ஒழிப்புச் சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று ஆராய 1950களின் கடைசியில் இந்தியா வந்தவர் அவர். பணக்காரர் லஞ்சம் கொடுக்கிறார், நல்ல வக்கீல் வைக்கிறார் என்பதோடு அவர் நிற்கவில்லை. வழக்காடுபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்: வாழ்நாளில் ஒரே ஒரு முறை நீதிமன்றம் வருபவர், தொழிலாகவே திரும்பத் திரும்ப வருபவர்.

சாலை விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் இழப்பீட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது ஒரே வழக்கு. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதை நம்பி நிற்கின்றன. எதிரில் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அது ஆயிரத்தில் ஒன்று. எந்த வழக்கில் சமரசம் பேசுவது, எதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோய்த் தனக்குச் சாதகமான முன்தீர்ப்பு வாங்குவது என்று நிறுவனத்தால் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு வாய்தா தள்ளிப்போனால் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. அந்தப் பெண்ணுக்கோ ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். இருவரும் ஒரே நீதிபதி முன் சமமாக நின்றாலும் ஆட்டம் சமமில்லை என்று காட்டியதுதான் காலன்டரின் சாதனை. நீதிபதி முழு நேர்மையானவராக இருந்தாலும் இதுவே நடக்கும் என்பது அதில் கவனிக்க வேண்டிய இடம்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், அவரும் ஜெயந்த் கிருஷ்ணனும் இந்தியாவின் லோக் அதாலத்துகளைப் பற்றி, அதாவது சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றங்களைப் பற்றி எழுதினார்கள். காத்திருக்க முடியாதவர்கள் குறைந்த தொகைக்குத் தலையாட்டிவிட்டுப் போவதற்கான இடமாக அது மாறும் ஆபத்தை அந்தக் கட்டுரை எடுத்துக் காட்டியது. ஒரே நாளில் இத்தனை ஆயிரம் வழக்குகள் முடிந்தன என்ற செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு தொகைக்கு முடிந்தன என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஒருமுறை மட்டும் வருபவர் வெல்லவே முடியாதா?

முடியும். தனியாக முடிவதுதான் அரிது. வாச்சாத்தி இதற்குத் தமிழ்நாட்டின் பெரிய சான்று. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள், சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் மக்களே குற்றவாளிகளாகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். குற்றம் செய்தவர்கள் சட்டத்தின் சீருடையில் இருந்தபோது புகாரை யாரிடம் கொடுப்பது?

பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்தப் புகாரை நீதிமன்றம் வரை தூக்கிச் சென்றன. 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி நேரில் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார்.

காலன்டரின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இங்கே நடந்தது தெளிவாகிறது. திரும்பத் திரும்ப வழக்காடுபவரிடம் இருக்கும் பொறுமை, நினைவாற்றல், சட்ட அறிவு, பணம் ஆகியவற்றை ஒரு அமைப்பு அந்த ஊருக்குக் கடனாகக் கொடுத்தது. ஆனாலும் 31 ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண்கள் ஒவ்வொரு முறையும் சாட்சிக் கூண்டில் ஏறி அதையே சொன்னார்கள், ஒருமுறைகூடப் பின்வாங்காமல். இந்த வழக்கைப் பற்றி நீதிமன்றத்தின் வெற்றி என்று எழுதுபவர்கள், அந்த உறுதியை இரண்டாம் வரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது முதல் வரியில் வர வேண்டும்.

அரசியலமைப்பு மேல்தட்டினர் எழுதி மேல்தட்டினருக்காகவே இருந்த ஆவணம் என்பது சரியா?

எழுதியவர்களைப் பொறுத்தவரை ஓரளவு சரி. பயன்படுத்தியவர்களைப் பொறுத்தவரை தவறு. ரோகித் டே 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக உடைத்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆவண அறைக்குள் போய், தீர்ப்புகளுக்கு அடியில் கிடந்த மனுக்களையும் பிரமாணப் பத்திரங்களையும் அவர் வாசித்தார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அதைக் கையில் எடுத்தவர்களில் மதுவிலக்கை எதிர்த்த பம்பாய்க்காரர்கள் இருந்தார்கள். பசுவதைத் தடையால் பிழைப்பு போன ஆயிரக்கணக்கான குரேஷிக் கசாப்புக்காரர்கள் இருந்தார்கள். 1958இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், தன் தொழிலைத் தடுக்கும் சட்டம் தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று மனுப் போட்ட ஹுஸ்னா பாய் என்ற பாலியல் தொழிலாளி இருந்தார். அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் அதிகாரிகளும் சமூக சேவகர்களும் பதறிப்போனார்கள். உரிமை என்ற சொல்லை யார் வாயிலிருந்து எதிர்பார்க்கவில்லையோ அவர் சொன்னதுதான் பதற்றத்துக்குக் காரணம்.

சென்னை மாகாணத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தடுப்புக் காவலை எதிர்த்த ஏ.கே. கோபாலன் வழக்கு, பத்திரிகைத் தடையை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கு, சங்கத் தடையை எதிர்த்த வி.ஜி. ராவ் வழக்கு எல்லாமே எதிராளியாகச் சென்னை அரசைக் கொண்டவை. ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணையை 1951இல் வீழ்த்திய செண்பகம் துரைராஜன் வழக்கும் அதே அடிப்படை உரிமைப் பிரிவுகளால் வந்ததே. மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பிக்காமலேயே அவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்று விசாரித்தது. அதன் விளைவாகவே அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், இடஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 15(4) பிரிவு வந்தது. அடிப்படை உரிமைக்காக நேரே மேல் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு எளியவருக்குத் திறந்த கதவு என்று கொண்டாடும்போது, அதே கதவு வழியாக இடஒதுக்கீட்டுக்கு எதிரானவர்களும் உள்ளே வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டை நேரடியாகப் பற்றிய ஆய்வுகள் எவை?

இரண்டை முதலில் சொல்வேன். பவானி ராமன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னை மாகாணத்தின் கச்சேரிகளை, அதாவது அரசு அலுவலகங்களைப் பற்றியது. கணக்குப்பிள்ளைகள், முன்ஷிகள், திண்ணைப் பள்ளியில் எழுத்துப் பழகியவர்கள் எப்படி ஓர் ஆட்சியையே தாளில் நடத்தினார்கள் என்று அதில் காணலாம். எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்தால் முறைகேடு ஒழியும் என்று கம்பெனி நம்பியது. எழுத்து வந்ததும் எழுதுபவரின் கையில் புது அதிகாரம் வந்து சேர்ந்தது. எது அசல் கையெழுத்து, எது போலி என்று முடிவு செய்வதே ஒரு பெரும் அதிகாரமாகிவிட்டது. வரி வசூலுக்காக மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை விசாரிக்க 1854இல் சென்னையில் அமைக்கப்பட்ட ஆணையத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. மனு எழுதும் பழக்கம் நம் மண்ணில் எவ்வளவு பழையது, எவ்வளவு வலியிலிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது, மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி புதுக்கோட்டையின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிச் செய்த ஆய்வு. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறார்கள். அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், 'மதிப்பிற்குரிய ஐயா', பொருள், பிறகு 'தாங்கள் கருணை கூர்ந்து', கடைசியில் 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள'. கேட்பதோ உரிமை, கேட்கும் மொழியோ கெஞ்சல். சொந்தக் கையெழுத்து ஒருவரைக் குடிமகளாக்குகிறது என்பது இயக்கத்தின் நம்பிக்கை. அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வாசகங்களோ அவரைப் பழைய பணிவுக்குள்ளேயே உட்காரவைக்கின்றன. இந்த இழுபறியைக் கோடி நுட்பமாகப் பிடித்திருக்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

கடல் கடந்த தமிழர்களைப் பற்றிச் சட்ட ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள். கல்யாணி ராம்நாத் 2023இல் வெளியிட்ட ஆய்வு நம் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. 1942 முதல் 1962 வரையிலான இருபது ஆண்டுகளில் பர்மா, இலங்கை, மலாயா, சென்னை ஆகியவற்றுக்கிடையே சிக்கிக்கொண்ட மனிதர்களை அவர் நீதிமன்றக் கோப்புகளில் தேடினார். வட்டிக்கடைச் செட்டியார்களின் வருமான வரி வழக்குகள், தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை விண்ணப்பங்கள், நாடு கடத்தலை எதிர்த்த மனுக்கள் எல்லாம் அதில் வருகின்றன. புதிய தேசங்கள் எல்லைக் கோடு போட்டபோது, அதுவரை கடல் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தவர்கள் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்விக்குக் காகிதத்தால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இலங்கையைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் குடும்பம் அதை எப்படிக் காட்டும்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் தொடர்ச்சியாக வசித்ததற்குச் சான்று கேட்டது. மணமானவருக்கு 7 ஆண்டுகள், மற்றவருக்கு 10 ஆண்டுகள். ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று ராமேஸ்வரம் வழியாகப் போய் நீண்ட நாள் தங்கிவிட்டால் அதுவே எதிரான சாட்சியாகலாம். குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கோடகன் பிள்ளையின் வழக்கு, அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்கள் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

பாலியல் வன்முறை வழக்குகளில் சட்டத்தைத் திருத்தினால் நிலைமை மாறிவிடாதா?

திருத்தம் தேவை. அது போதாது என்பதைப் பிரதீக்ஷா பக்ஷி 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 1990களில் அகமதாபாத் நீதிமன்றங்களில் நாள்தோறும் உட்கார்ந்து விசாரணைகளைக் கவனித்து எழுதியது அது. சட்டப் புத்தகத்தில் சமரசத்துக்கு இடமில்லாத குற்றம் தாழ்வாரத்தில் பேசி முடிக்கப்படுகிறது. சாட்சிகள் பிறழ்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரிகிறது. பதிவில் ஒரு வரியும் ஏறுவதில்லை.

காவல் நிலையத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்ததைக் கண்டித்து 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இருவிரல் பரிசோதனை என்ற இழிவு தொடர்ந்தது. அது பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்ன பிறகும் மருத்துவமனைகள் நிறுத்தவில்லை. 2022 அக்டோபர் 31 அன்று, இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி, மருத்துவப் பாடத்திலிருந்தே அதை நீக்குங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்புக்கும் ஒரு மருத்துவமனை அறைக்கும் இடையே இவ்வளவு தூரம். அந்தத் தூரத்தை அளப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையா?

இந்தக் கேள்வி வந்துகொண்டேயிருக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அந்தக் கவலையை ஏற்று, கைதுக்கு முன் அனுமதியும் முதற்கட்ட விசாரணையும் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய போராட்டம் நடந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது.

வழக்கில் விடுதலை என்றால் புகார் பொய் என்று கணக்குப் போடுகிறார்கள். களத்தில் வேலை செய்தவர்கள் காட்டுவது வேறு. புகார் கொடுத்த மறுநாளே எதிர் வழக்குப் போடுவது, வேலை கொடுப்பவரே எதிராளியாக இருப்பது, விசாரணை இழுத்தடிக்கப்பட்டுச் சாட்சிகள் சோர்ந்துபோவது, இவையெல்லாம் சேர்ந்துதான் விடுதலை ஆகிறது. ராஜஸ்தானில் களப்பணி செய்த சந்தியா ஃபுக்ஸ், தண்டனை அரிது என்று தெரிந்தும் தலித் குடும்பங்கள் ஏன் இந்தச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்று 2024இல் எழுதினார். முதல் தகவல் அறிக்கையில் தன் பெயர் புகார்தாரராக ஏறுவதே ஊரில் ஒரு கணக்கை மாற்றுகிறது. மேற்குத் தமிழகத்தில் அருந்ததியர் அமைப்புகள் இந்தச் சட்டத்தைக் கையாண்ட விதம் பற்றி கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் 2015இல் எழுதிய கட்டுரையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஊர்ப் பஞ்சாயத்தும் ஒரு வகைச் சட்டம்தானே?

ஆய்வாளர்கள் ஒரே இடத்தில் பல சட்ட ஒழுங்குகள் இயங்குவதைப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வது ஆதரிப்பதாகாது. கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆறுமுக சேர்வை வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதே தீர்ப்பு இரட்டைக் குவளை முறையையும் கண்டித்தது.

மக்கள் உருவாக்கிய வழக்கம் சட்டமாகவே ஆனதும் உண்டு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் சொன்னது. அதனால் குடும்பங்கள் நின்றுவிடவில்லை. மாலை மாற்றிக்கொண்டே இருந்தன. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் செல்லத்தக்கவையாக்கியது. 2023இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் தனிப்பட்ட முறையில் இத்தகைய திருமணங்களை நடத்திவைக்கத் தடையில்லை என்றது. பஞ்சாயத்து ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பறிக்கிறது. இந்தத் திருமண முறை அதைக் காக்கிறது. இரண்டையும் 'சமூக வழக்கம்' என்று ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை.

பொதுநல வழக்குகள் ஏழைகளுக்கு நல்லதுதானே?

1979இல் பீகார் விசாரணைக் கைதிகளை வெளியே கொண்டுவந்தது பொதுநல வழக்கு. பிற்காலத்தில் தில்லியில் குடிசைகளை இடிக்க வைத்ததும் பொதுநல வழக்கே. வீடு இழக்கப்போகிறவரைக் கேட்காமலேயே உத்தரவு போட இந்த நடைமுறை இடம் கொடுத்தது என்பது அனுஜ் புவானியா 2017இல் வைத்த கடுமையான விமர்சனம். முழுவதும் உடன்படாதவர்களும் பதில் சொல்லியாக வேண்டிய விமர்சனம் அது.

புள்ளிவிவர ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கவனமாகப் படித்தால் நிறைய. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வு, தண்டனை பெற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. மறுபக்கம், எலியட் ஆஷ், சாம் ஆஷர், பால் நோவோசாத் முதலியோர் 2010 முதல் 2018 வரையிலான லட்சக்கணக்கான குற்ற வழக்குகளை அலசினார்கள். நீதிபதிகள் தம் மதத்தவருக்கோ தம் பாலினத்தவருக்கோ சராசரியாகச் சலுகை காட்டுவதற்குச் சான்று இல்லை என்று கண்டார்கள். பலருக்கு இது வியப்பளித்தது.

இரண்டும் முரண்படவில்லை. இரண்டாவது ஆய்வு நீதிபதியின் மேசைக்கு வந்த வழக்கைத்தான் அளக்கிறது. யாரைக் கைது செய்வது, யார் புகாரைப் பதியாமல் அனுப்புவது, யாருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பார் என்பவையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்ற எண்ணை அங்கே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நானும் இப்படி ஆராய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

அருகிலுள்ள முன்சீப் நீதிமன்றத்தில். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. மூடிய அறையில் நடக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றுக்குப் பின்வரிசையில் யாரும் உட்காரலாம். ஒரே நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து போங்கள். அழைக்கப்பட்ட வழக்குகளில் எத்தனை தள்ளிவைக்கப்பட்டன, காரணம் என்ன, கட்சிக்காரர் வந்திருந்தாரா, அவருக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதன் முழுப் பயணத்தையும் பார்க்கலாம். தீர்ப்பைப் படிக்கும் முன் மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் படியுங்கள். தீர்ப்பில் காணாமல்போன விவரங்கள் அங்கே இருக்கும். தனிநபர் பெயர்களை உங்கள் குறிப்பேட்டிலேயே மாற்றி எழுதுங்கள், குறிப்பாகக் குடும்ப நல நீதிமன்றத்து விஷயங்களில். பெஞ்ச் கிளார்க்கிடமும் நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடமும் பேசுங்கள். எந்த மனு எந்த மேசையில் தேங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.